எழுபதுகளின் தலைசிறந்த ஹார்ட் ராக் குழு எது? ரசிகர்கள் ஏன் ஒத்துப்போவதே இல்லை?

ராக் ரசிகர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி எப்படியாவது வந்துவிடும்: 1970களின் தலைசிறந்த ஹார்ட் ராக் குழு எது? பதிலாக வரும் முதல் மூன்று பெயர்கள் ஏறக்குறைய மாறுவதே இல்லை. லெட் ஸெப்பலின், பிளாக் சபாத், டீப் பர்ப்பிள். மூன்றும் இங்கிலாந்துக் குழுக்கள், மூன்றும் 1968ல் உருவானவை. இவற்றை எந்த வரிசையில் வைப்பது, நான்காவதாக யாரைச் சேர்ப்பது என்பதில்தான் பேச்சு முறிகிற அளவுக்கு வாக்குவாதம் நடக்கும்.

இந்த இசைக்குப் புதிதாக வருகிறவருக்கு அது தலைசுற்ற வைக்கும். ஒருவர் விற்பனைக் கணக்கைச் சொல்வார். இன்னொருவர் டிரம்ஸைப் பற்றி மட்டுமே பேசுவார். மூன்றாமவர் "அது ஹார்ட் ராக்கே கிடையாது" என்று ஒரே போடாகப் போடுவார். ஆளுக்கொரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதாக நினைத்துக்கொள்கிறார்கள் என்பது என் கணிப்பு. யார் மனதில் என்ன கேள்வி இருக்கிறது என்று பிடிபட்டுவிட்டால், எந்த ஆல்பத்தை முதலில் கேட்பது என்பதற்கு அந்தச் சண்டையே வழி சொல்லும்.

ஹார்ட் ராக் என்பது என்ன?

இதன் அடிப்படை அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசை. அதை மின்கிட்டாரில், அதிகச் சத்தத்தோடு, ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கி வாசிக்கத் தொடங்கியபோது ஹார்ட் ராக் முளைத்தது. இந்தக் கரகரப்புக்கு டிஸ்டார்ஷன் என்று பெயர். ஆம்ப்ளிஃபயரால் தாங்க முடியாத அளவுக்கு ஒலியை ஏற்றினால் அது உடைந்து, தடித்து வரும். முதலில் இதைக் கோளாறாகத்தான் எண்ணினார்கள். 1958ல் லிங்க் ரே என்ற அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் ஓட்டை போட்டு அந்தக் கரகரப்பை வரவழைத்தார். 1964ல் லண்டனின் கிங்க்ஸ் குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ் சவர பிளேடால் ஸ்பீக்கரைக் கீறிவிட்டு 'யூ ரியலி காட் மீ' பாடலை வாசித்தார். ஹார்ட் ராக்கின் முன்னோடி எது என்று கேட்டால் பலரும் கைகாட்டுவது அந்தப் பாடலைத்தான்.

அடுத்தது ரிஃப். கிட்டாரில் திரும்பத் திரும்ப வரும் சிறிய இசைத்துண்டு இது. வேறு வகைப் பாடல்களில் மெட்டு மனதில் நிற்கும். ஹார்ட் ராக்கில் ரிஃப் நிற்கும். பாடலின் வரி ஒன்றுகூடத் தெரியாதவரும் ரிஃபை முணுமுணுப்பார். அதற்குக் கீழே பேஸ் கிட்டாரும் கனமான டிரம்ஸும் வேண்டும். மேலே, இத்தனை சத்தத்தையும் கிழித்துக்கொண்டு வெளியே வரக்கூடிய குரல் வேண்டும். அறுபதுகளின் பின்பாதியில் கிரீம் குழுவும் ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் இவற்றை ஒன்று சேர்த்துக் காட்டினார்கள். அதே சமயத்தில் லண்டனில் ஜிம் மார்ஷல் தயாரித்த 100 வாட் ஆம்ப்ளிஃபயர்கள் மேடைகளில் ஆளுயரத்துக்கு அடுக்கப்படத் தொடங்கின. கருவி வந்துவிட்டது, சத்தமும் வந்துவிட்டது. 1970 பிறக்கும்போது எல்லாம் தயாராக இருந்தது.

எல்லைக்கோடு எங்கே?

முதல் சண்டை இங்கேதான் தொடங்கும். பிளாக் சபாத் ஹார்ட் ராக்கா, ஹெவி மெட்டலா? இன்று யாரைக் கேட்டாலும் மெட்டலின் தந்தை என்பார்கள். ஆனால் எழுபதுகளின் தொடக்கத்தில் இந்த இரண்டு பெயர்களையும் பத்திரிகைகள் கிட்டத்தட்ட ஒரே பொருளில்தான் எழுதிக்கொண்டிருந்தன. சபாத்தின் டிரம்மர் பில் வார்டை உன்னித்துக் கேட்டால் ஜாஸ் இசையின் ஆட்டம் அதில் கேட்கும். அந்த ஆட்டம் இருக்கும்வரை ஹார்ட் ராக், ப்ளூஸின் சாயலையும் ஆட்டத்தையும் உதறிவிட்டு நேர்கோட்டில் இரும்பாக ஓடினால் மெட்டல் என்று நான் பிரித்துக்கொள்கிறேன். எழுபதுகளின் பின்பாதியில் ஜூடாஸ் பிரீஸ்ட் குழு செய்தது அந்த உதறலைத்தான். இப்படிப் பார்த்தால் எழுபதுகளின் சபாத் பட்டியலுக்குள் தாராளமாக வரும்.

குயின் இன்னும் சிக்கல். எழுபதுகளில் தங்கள் ஆல்பங்களில் சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலி எழுப்பும் கருவி) கிடையாது என்று பெருமையோடு அச்சிட்டுக்கொண்ட குழு அது. பிரையன் மேயின் கிட்டார் பல இடங்களில் அசல் ஹார்ட் ராக். அதே ஆல்பத்தில் அடுத்த பாடல் நாடகக் கொட்டகைப் பாட்டு போல இருக்கும், அதற்கடுத்தது ஆபெரா. குயினைச் சேர்ப்பவர்கள் குழுவின் திறமையைப் பார்க்கிறார்கள். விலக்குபவர்கள் ஆல்பத்தில் எத்தனை பாடல் ஹார்ட் ராக் என்று எண்ணுகிறார்கள். கனடாவின் ரஷ் குழுவுக்கும், தி ஹூ குழுவுக்கும் இதே வழக்குதான். பிங்க் ஃபிளாய்டை யாராவது சேர்த்தால் மட்டும் மறுத்துவிடுங்கள், அது வேறு ஊர்.

பத்தாண்டு என்ற கத்தரிக்கோல்

1970 முதல் 1979 வரை என்று நறுக்கென்று வெட்டினால் என்ன ஆகும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. லெட் ஸெப்பலினின் முதல் இரண்டு ஆல்பங்களும் 1969ல் வந்தவை. 'ஹோல் லாட்டா லவ்' உட்பட, அந்தக் குழு என்றாலே பலர் நினைவுக்கு வரும் முரட்டு ரிஃப்களில் பாதி அந்த இரண்டில்தான் இருக்கின்றன. அவற்றைக் கழித்துவிட்டால் மிஞ்சும் எழுபதுகளின் ஸெப்பலின், ரசிகர்கள் மனதில் இருப்பதைவிட மென்மையான குழு. 1970ல் வந்த மூன்றாவது ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் பெரும்பாலும் நாட்டுப்புறச் சாயலுள்ள மின்சாரமில்லாத கிட்டார். 1979ல் வந்த ஆல்பத்தில் கீபோர்டின் கை ஓங்கியிருக்கிறது.

எதிர்முனையில் ஏசி/டிசி. சிட்னியில் 1973ல் மால்கம் யங், ஆங்கஸ் யங் சகோதரர்கள் தொடங்கிய குழு. அவர்களுடைய மிகப் பெரிய வெற்றியான 'பேக் இன் பிளாக்' 1980 ஜூலையில் வந்தது. சில மாதங்களில் கோடு தாண்டிவிட்டது. பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்துபோக, புதிய பாடகர் பிரையன் ஜான்சனோடு பதிவான ஆல்பம் அது. எனவே எழுபதுகளின் ஏசி/டிசி என்றால் பான் ஸ்காட் பாடிய காலம் மட்டும்தான். 'ஹைவே டு ஹெல்' அதன் கடைசி ஆல்பம். அந்தக் காலத்து ஆல்பங்களை மட்டும் எடை போட்டு அவர்களுக்கு மேலிடம் தரும் ரசிகர்களும் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மேதாவித்தனம் எதுவும் இல்லாமல், ஒரு ரிஃபை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த குழு வேறு அதிகம் இல்லை.

மூன்று பெரிய குழுக்கள்

சபாத்தின் கதையைச் சொல்லாமல் இந்தச் சண்டையை விளக்க முடியாது. பர்மிங்ஹாமில் தகரத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்த சபாத்தின் கிட்டார் கலைஞர் டோனி அயோமிக்கு 17 வயதில் இயந்திரம் வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளைத் துண்டித்தது. அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர். கிட்டார் தந்திகளை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். விரல்கள் வலிக்காமல் இருக்க மெல்லிய தந்திகளுக்கு மாறினார். 1971ல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் கிட்டாரின் சுருதியையே வெகுவாகக் கீழிறக்கினார். தந்தி தளர்ந்தது, ஒலி கனத்தது. இருளடைந்த, இறுகிய அந்த ஒலி பின்னால் வந்த எத்தனையோ குழுக்களின் ஒலியாக மாறியது.

அவர்களுடைய முதல் ஆல்பம் ஒரே நாளில் பதிவு செய்யப்பட்டு, 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை அன்று வெளியானது. அதிலிருந்து 1975 வரை ஆறு ஆல்பங்கள். சபாத் ரசிகரின் வாதம் முழுக்க இந்த ஆறில் அடங்கும்: ஒன்றாவது சோடை என்று காட்டு பார்ப்போம் என்பார். காட்டுவது கஷ்டம்தான். அதற்குப் பிறகு வந்த இரண்டைப் பற்றி அவர் வாயே திறக்கமாட்டார். 1979ல் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். குழுவைத் தொடங்கிய நால்வரும் கடைசியாக மேடையேறியது 2025 ஜூலை 5, சொந்த ஊரான பர்மிங்ஹாமில்; அதே மாதம் 22ஆம் தேதி ஓஸி காலமானார்.

டீப் பர்ப்பிளை விரும்புகிறவர் வேறு விதமாகப் பேசுவார். அவருக்கு முக்கியம் வாசிப்புத் திறமை. கிட்டாரில் ரிச்சி பிளாக்மோர், டிரம்ஸில் இயன் பெய்ஸ், பேஸில் ராஜர் குளோவர், குரலில் இயன் கில்லன். ஆனால் இவர்களைத் தனித்துக் காட்டியது ஜான் லார்டின் ஹாமண்ட் ஆர்கன் என்ற கீபோர்டு வகைக் கருவி. ஆர்கனைக் கிட்டாருக்கான மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, அதையும் கரகரக்க வைத்தார். அதனால் அவர்கள் பாடல்களில் இரண்டு மிருகங்கள் மோதுவது போன்ற ஒரு நாடகம் நடக்கும். கிட்டார் ஒரு கேள்வி போடும், ஆர்கன் அதைவிடச் சத்தமாகப் பதில் சொல்லும்.

1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோவில் ஆல்பம் பதிவு செய்யப் போனார்கள். பதிவுக்கு ஏற்பாடாகியிருந்த கசினோ கட்டடம், அமெரிக்க இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸப்பாவின் கச்சேரியின்போது தீப்பிடித்து எரிந்து போயிற்று. ஏரி மீது படர்ந்த புகையைப் பார்த்து எழுதியதுதான் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்'. கடைசியில் காலியாகக் கிடந்த ஒரு ஹோட்டலில், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஒலிப்பதிவு வண்டியை வாசலில் நிறுத்திப் பதிவை முடித்தார்கள். 1972ல் வந்த அந்த 'மெஷின் ஹெட்' ஆல்பத்தின் அந்த ரிஃப், கிட்டார் கற்றுக்கொள்கிறவர்கள் முதல் வாரத்திலேயே வாசித்துப் பார்ப்பது. கிட்டார் கடைக்காரர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்ததும் அதுவாகத்தான் இருக்கும்.

ஸெப்பலின் ரசிகருக்கு இந்த வாதங்கள் எல்லாமே சின்ன விஷயம். அவர் வீச்சைப் பார்க்கிறார். ப்ளூஸ், நாட்டுப்புற இசை, கிழக்கத்திய சாயல், அப்புறம் எட்டு நிமிடத்தில் மெல்லக் கிளம்பி உச்சிக்குப் போகும் 'ஸ்டேர்வே டு ஹெவன்'. இத்தனையும் நான்கே பேர். ஜான் பானமின் டிரம்ஸைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார், அதில் நியாயமும் உண்டு. 1971ல் வந்த நான்காவது ஆல்பத்தின் கடைசிப் பாடலுக்காக, ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடத்தின் மாடிப்படி அடிவாரத்தில் டிரம்ஸை வைத்து, மாடியிலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். அந்தக் கட்டடமே டிரம்ஸோடு சேர்ந்து முழங்குகிறது. 1980 செப்டம்பரில் பானம் இறந்ததும், அவர் இல்லாமல் தொடர முடியாது என்று குழுவையே கலைத்துவிட்டார்கள்.

இந்தக் குழுவின் மேல் ஒரு கறையும் உண்டு. பழைய ப்ளூஸ் கலைஞர்களின் வரிகளையும் மெட்டுகளையும் பெயர் சொல்லாமல் எடுத்துக்கொண்டார்கள் என்ற குற்றச்சாட்டு அது. 'ஹோல் லாட்டா லவ்' தொடர்பாக ப்ளூஸ் கலைஞர் வில்லி டிக்சன் தொடுத்த வழக்கு 1987ல் சமரசத்தில் முடிந்தது. இப்போது அந்தப் பாடலில் அவர் பெயரும் இருக்கிறது. மறுதரப்பு ரசிகர்கள் இந்த அஸ்திரத்தைக் கடைசியாக எடுப்பார்கள்.

மேடையா, ஸ்டூடியோவா?

எழுபதுகளில் ஒரு குழுவின் தரத்தை நேரடிப் பதிவை வைத்து எடைபோடும் வழக்கம் வலுவாக இருந்தது. டீப் பர்ப்பிள் 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் வாசித்ததைப் பதிவு செய்த 'மேட் இன் ஜப்பான்' இன்றும் பலருக்கு உரைகல். அமெரிக்காவின் கிஸ் குழு முகத்தில் சாயமும் வாயில் நெருப்புமாக ஊர் ஊராகச் சுற்றியும் முதல் மூன்று ஆல்பங்கள் சரியாகப் போகவில்லை. 1975ல் வந்த 'அலைவ்!' என்ற நேரடிப் பதிவுதான் அவர்களைத் தூக்கிவிட்டது. அதில் எவ்வளவு மேடை, எவ்வளவு ஸ்டூடியோவில் பூசியது என்பது தனிச் சண்டை. அயர்லாந்தின் தின் லிஸி 1978ல் வெளியிட்ட 'லைவ் அண்ட் டேஞ்சரஸ்' மீதும் இதே சந்தேகம் உண்டு. தயாரிப்பாளர் ஒன்று சொல்ல, குழுவினர் வேறு சொன்னார்கள். எனக்கு அது பொருட்டாகத் தோன்றவில்லை. கேட்க நன்றாக இருக்கிறது.

ஸெப்பலினின் நிலை இதில் விசித்திரமானது. அவர்கள் குழுவாக இருந்த காலத்தில் வெளியிட்ட ஒரே நேரடி ஆல்பம் 1976ல் வந்தது, அது பல ரசிகர்களுக்கே திருப்தி தரவில்லை. 1972ல் கலிஃபோர்னியாவில் வாசித்த கச்சேரிகளின் நல்ல பதிவு 2003ல்தான் அதிகாரபூர்வமாக வெளிவந்தது. மேடையில் ஸெப்பலின் எப்படி என்ற கேள்விக்கு முப்பது ஆண்டுகள் பெரும்பாலும் திருட்டுப் பதிவுகளே சாட்சி.

எண்களும் விருதுகளும்

விற்பனை எண்ணைக் காட்டி யாராவது வாயடைக்கப் பார்த்தால் கொஞ்சம் நிதானிக்கவும். அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கத்தின் கணக்கில் ஒரு பிளாட்டினம் என்பது பத்து லட்சம். ஆனால் இரட்டை ஆல்பம் என்றால் ஒவ்வொரு தட்டையும் தனித்தனியாக எண்ணுவார்கள். ஸெப்பலினின் 1975 இரட்டை ஆல்பமான 'ஃபிசிக்கல் கிராஃபிட்டி'க்குக் கிடைத்த 16 பிளாட்டினம் உண்மையில் 80 லட்சம் பிரதிகள்தான். அதுவும் அமெரிக்கக் கணக்கு மட்டும்.

இன்னொரு உதாரணம் மிச்சிகனிலிருந்து வந்த கிராண்ட் ஃபங்க் ரெயில்ரோட். 1971ல் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தையே நிரப்பிக் காட்டினார்கள். விமர்சகர்கள் அவர்களைக் கடித்துக் குதறினார்கள், இன்று பட்டியல்களில் அவர்கள் பெயர் அபூர்வமாகத்தான் வருகிறது. கூட்டம் சேர்ந்ததும் நினைவில் நின்றதும் ஒன்றாக அமையவில்லை.

விமர்சகர்களை நம்பலாமா என்றால், ரோலிங் ஸ்டோன் பத்திரிகை ஸெப்பலினின் முதல் ஆல்பத்தையும் சபாத்தின் முதல் ஆல்பத்தையும் மட்டம் தட்டியது. ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் ஸெப்பலின் 1995ல் சேர்ந்தது, சபாத் 2006ல், டீப் பர்ப்பிள் 2016ல். முதல் பதிவு வந்து 25 ஆண்டுகள் ஆனால் தகுதி உண்டு. அப்படியென்றால் பர்ப்பிளை இருபது ஆண்டுகளுக்கு மேல் வாசலில் நிற்க வைத்தார்கள். அன்று அவர்களை வரவேற்றுப் பேசியவர் மெட்டாலிகா என்ற மெட்டல் குழுவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிக். 1973ல் கோபன்ஹேகனில் சிறுவனாக டீப் பர்ப்பிளின் கச்சேரிக்குப் போனதுதான் அவருக்குத் தொடக்கம்.

ரசிகர் வளர்ந்த இடமும் பதிலை மாற்றும். அமெரிக்காவில் எஃப்எம் வானொலி எதைத் திரும்பத் திரும்பப் போட்டதோ அதுவே பெரியதாயிற்று. ஸெப்பலினும் பாஸ்டனின் ஏரோஸ்மித்தும் அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்கள். சோவியத் ஒன்றியத்தில் வளர்ந்த ரசிகரைக் கேட்டால் டீப் பர்ப்பிளையும், மற்ற இடங்களில் இரண்டாம் வரிசையில் வைக்கப்படும் இங்கிலாந்தின் யூரையா ஹீப் குழுவையும் சொல்வார். 1987ல் யூரையா ஹீப் மாஸ்கோவுக்குப் போனபோது பெரிய அரங்கில் தொடர்ந்து பல நாள் வாசித்தார்கள்.

பட்டியல்கள் வழக்கமாக மறந்துவிடும் ஒரு குழுவையும் சொல்லிவிடுகிறேன். ஆன் வில்சன், நான்சி வில்சன் சகோதரிகளின் ஹார்ட். 1977ல் வந்த அவர்களது 'பாரக்குடா'வின் ரிஃப் அந்தப் பத்தாண்டின் எந்த ரிஃபுக்கும் இளைத்ததல்ல. ஆன் வில்சனின் குரலுக்கு முன் நிற்கக்கூடிய ஆண் பாடகர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். இருந்தும் முதல் பத்தில் அவர்கள் பெயர் வருவதில்லை. இதற்கு இசைக்காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எங்கே தொடங்குவது?

என் பதிலைக் கேட்டால்: எல்லா வகையிலும் பெரிய குழு எது என்றால் ஸெப்பலின். பின்னால் வந்தவர்களை அதிகம் மாற்றியது சபாத். ஆனால் 1970 முதல் வந்ததை மட்டும் வைத்து, ஹார்ட் ராக் என்ற ஒன்றை மட்டும் எடைபோட்டால் நான் டீப் பர்ப்பிளைத்தான் முதலில் வைப்பேன், அதுவும் 1970 முதல் 1972 வரையிலான பர்ப்பிளை. மூன்றே ஆண்டுகளா என்று சபாத் ரசிகர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

புதிதாகக் கேட்கிறவர் 'மெஷின் ஹெட்'டில் தொடங்கலாம். எல்லாம் தெளிவாகக் கேட்கும், யார் என்ன செய்கிறார் என்று பிரித்தறியலாம். அப்புறம் சபாத்தின் 'பாரனாய்ட்', அதன்பின் ஸெப்பலினின் நான்காவது. இந்த மூன்றும் பழகியபின் தின் லிஸியின் 'ஜெயில்பிரேக்', ஏரோஸ்மித்தின் 'ராக்ஸ்', ரெயின்போவின் 'ரைசிங்'. மூன்றுமே 1976ல் வந்தவை. பெரிய குழுக்கள் களைத்துக்கொண்டிருந்த ஆண்டில் மற்றவர்கள் எங்கே இருந்தார்கள் என்பது புரியும். கடைசியாக 1978ல் வந்த வான் ஹேலனின் முதல் ஆல்பம். அதில் ஒன்றே முக்கால் நிமிடம்கூட நீடிக்காத 'இரப்ஷன்' என்ற கிட்டார் வாசிப்பு இருக்கிறது. எடி வான் ஹேலன் இரண்டு கை விரல்களாலும் தந்திகளைத் தட்டி வாசித்தது. எண்பதுகளின் கிட்டார் கலைஞர்களில் பெரும்பகுதியினர் அதைப் பிடிக்கத்தான் ஓடினார்கள்.